முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

மாவு மில்லில் கம்பு அரைபட்டுக்கொண்டிருந்தது. சூடான மாவின் வாசனை. பெல்ட் ஓடுகிற சத்தம். தேவகி என் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். விளங்கவில்லை. மில்காரர் சுவிட்சை அணைத்த பிறகு மறுபடி கேட்டாள்.

"அக்கா, இந்த வாரம் டிவில பேசுற படம் ஏதாவது வருதா?"

"எல்லாப் படமும் பேசுற படம்தானே?"

"அது இல்லக்கா. பாட்டு, சண்டை கம்மியா, பேசிக்கினே இருக்குற படம். அவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச படமா இருக்கணும்."

வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிவியில் வரும் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவள் நான். ஊரில் எங்கே நின்றாலும் யாராவது படம் கேட்பார்கள். பேய்ப் படம் வருதா, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா, முடிவு நல்ல முடிவா. தேவகி கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை.

"எதுக்குத் தேவகி?"

"டாக்டரம்மா சொன்னாங்க. அவருக்குப் பேச்சு வர்றதுக்கு."

மில்காரர் என் தூக்கை எடுத்து மாவைத் தட்டிக் கொட்டினார். கைப்பிடி சுட்டது. முந்தானையால் பிடித்துக்கொண்டு தேவகியோடு வெளியே வந்தேன்.

நான்கு மாத மௌனம்

தேவகியின் கணவர் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலை நெய்கிறவர். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். அந்த வருஷம் பொங்கல் கழிந்து சில நாட்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு திரும்பவில்லை.

சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் வாய்வரை வரும், அங்கே நின்றுவிடும். தண்ணீர் வேண்டுமா, மின்விசிறியை நிறுத்தவேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். கேள்வி தப்பாகப் போகப்போக அவருக்குக் கோபம் ஏறும். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார். சாதம் தறியில் நீளமாகக் கட்டியிருந்த பாவு நூல்வரை தெறித்தது. அதன்பின் கோபப்படுவதும் நின்றுபோயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கோவப்பட்டாகூட தேவலைக்கா" என்றாள் தேவகி. "இப்ப நாம கேட்டா கண்ணை மூடிக்கறாரு."

அவள் டாக்டரம்மா என்று சொன்னது மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற ஓர் இளம்பெண்ணை. கேள்விப்பட்டதைச் சரிபார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகாது. அந்தப் பெண்ணையே போய்ப் பார்த்தேன்.

"சிலருக்குப் பேச்சு போயிருக்கும், பாட்டு மட்டும் இருக்கும் மேடம். சுலோகம், வாய்ப்பாடு, சில பேருக்குக் கெட்ட வார்த்தைகூட இருக்கும். அது வந்தா, அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு மத்தது வரலாம். வராமயும் போகலாம். முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் ஜாஸ்தி" என்றாள்.

"நாலு மாசம் ஆயிடுச்சே."

"அதான் சீக்கிரம் முயற்சி பண்ணச் சொன்னேன். ஆனா ஒண்ணு. மனப்பாடமா வர்றதை நான் பேச்சுன்னு எடுத்துக்க மாட்டேன். அவரா நெனச்சு ஒரு வார்த்தை சொன்னார்னா, அன்னிக்கு எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க."

ஏகாம்பரத்துக்குப் பாட்டு வராது. கோயிலுக்குப் போனாலும் வாய்க்குள் ஒன்றும் முணுமுணுக்க மாட்டார். அவருக்கு மனப்பாடமாக இருந்தவை சினிமா வசனங்கள். அதனால்தான் தேவகி மாவு மில்லில் என்னைத் தேடி வந்தாள்.

படம் பொறுக்குகிற வேலை

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாரத்தின் நடுவில் சேனல்களிலிருந்து பட்டியல்கள் வரும். ஒரே படத்தின் பெயரை மூன்று சேனல்கள் மூன்று விதமாக எழுதியிருக்கும். அதிலிருந்து ஏழு படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதவேண்டும். அச்சுக்குப் போன பிறகு யாராவது பெரிய மனிதர் இறந்துவிட்டால் பாதிப் படங்கள் மாறிவிடும். அந்த வாரம் வாசகர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

எனக்கு மூன்று விதிகள் உண்டு. நான் பார்க்காத படத்தை எழுதுவதில்லை. வாரம் தவறாமல் வருகிற படத்தை எழுதுவதில்லை. ஒருமுறை எழுதிய படத்தை ஒரு வருஷத்துக்குள் மறுபடி எழுதுவதில்லை.

மாகறலிலிருந்து ஒரு வாசகர் ஒருமுறை தொலைபேசியில் பிடித்தார்.

"நீங்க சொன்னீங்கன்னு நிச்சயத்துக்கு மொத நாள் மாப்பிள்ளை வூட்டாரோட உக்காந்து பாத்தோம்மா. கடைசில பொண்ணு கெணத்துல குதிக்குது. ஒரு வார்த்தை சொல்லவேணாமா?"

"நிச்சயம் நடந்ததா?"

"நடந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மாதான் அழுதுக்கினே தட்டு மாத்துனாங்க."

அதிலிருந்து சோக முடிவுள்ள படங்களுக்கு அதை எழுதிவிடுகிறேன்.

காதால் பார்ப்பவர்கள்

ஏகாம்பரத்தை முதலில் சந்தித்ததும் ஒரு புகாரால்தான். ஒரு படத்தை நான் மிகவும் புகழ்ந்து எழுதியிருந்தேன். ஒரு பெண் மழையில் நடந்து ஊரைவிட்டுப் போகிறாள். வெகுநேரம் வசனமே இல்லை. நம் சினிமாவில் அப்படி ஒரு காட்சி அபூர்வம். மறுநாள் பால் பூத் அருகே ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"படம் எழுதறது நீங்கதானேம்மா? நேத்து நீங்க சொன்ன படத்துல பாதிக்குமேல ஒருத்தனும் வாயைத் தொறக்கல. கரண்டுதான் போயிடுச்சோன்னு திரும்பிப் பாத்தேன்."

"திரும்பிப் பார்த்தீர்களா? அதுவரை படத்தைப் பார்க்கவில்லையா?"

"தறில உக்காந்துக்கினு எப்படிம்மா பாக்கறது?"

அன்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடம் முழுவதும் தறி. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், எதிரே நீளமாகப் பாவு ஓடும். டிவி அவருக்குப் பின்னால், தலைக்கு மேலே, சுவரில். முன்னால் மாட்ட இடமில்லை என்பது ஒரு காரணம். முன்னால் இருந்தால் கண் நூலைவிட்டுப் போய்விடும் என்பது இன்னொன்று. அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். டிவி பகலெல்லாம் ஓடும்; அது ஓடுவது நெய்கிறவரின் முதுகுக்குப் பின்னால்.

அவர்கள் படங்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கிணற்றுப் படம், இரட்டைக் குரல் படம், சங்கிலி இழுக்கிற படம். சண்டைப் படங்களில் அவர்களுக்கு மரியாதை இல்லை. "சத்தம் கேக்குது. எவன் எவனை அடிக்கறான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஏகாம்பரம்.

அதன்பிறகு சில படங்களுக்கு நான்காவது வரியாகக் 'கேட்கவும் ஏற்ற படம்' என்று சேர்க்க ஆரம்பித்தேன். ஆசிரியர் குழுவில் சிரித்தார்கள். சமையலறையிலிருந்தும் தையல் கடைகளிலிருந்தும் கடிதம் வந்த பிறகு சிரிப்பு நின்றது.

படகுப் படம்

அந்தத் தெரு மிகவும் மதித்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை. தெருவில் அதற்குப் பெயர் படகுப் படம். ஆற்றில் வெள்ளம், படகு கவிழ்ந்து ஜமீன் வாரிசு சாகிறான், கொலை வழக்கு படகுக்காரன்மேல். அவன் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள். வக்கீல் கேட்கிறார்: "கட்டியிருந்த படகை அவிழ்த்தது யார்?" அவள் சற்று நேரம் பேசாமல் நிற்கிறாள். பிறகு: "நான்தான் அவிழ்த்தேன். அவிழ்த்த கையைப் பாருங்கள். கட்டிய கையை விட்டுவிடுங்கள்."

ஒரு மத்தியானம் அது ஓடும்போது அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் ஒரே சேனல். கேபிள் இருக்கிற வீட்டில் வசனம் முதலில் வரும். டிஷ் வைத்த வீட்டில் ஒரு மூச்சு தள்ளி வரும். அதனால் வக்கீலின் கேள்வி ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் தாவித் தாவித் தெருவோடு கூடவே நடந்து வந்தது. 'அவிழ்த்தது யார்?' என்றதும் முதல் வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. விடியற்காலை தொடங்கி இருட்டும்வரை ஓயாத அந்தத் தட்டல், ஒரு தெரு முழுவதும், யாரும் சொல்லாமல், அடங்கிப்போயிற்று.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் பதில் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி எழுந்தன. திரையரங்குகளில் கைதட்டல் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஒரு காட்சிக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ஏகாம்பரம் வீட்டில் இன்னொன்றும் நடக்கும். அவருடையது கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கான நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ள நெய்கிறவரின் வலப்பக்கம் இன்னொருவர் உட்காரவேண்டும். தேவகி கல்யாணமான நாளிலிருந்து அந்த வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படகுப் படம் வந்தால் வக்கீலின் வசனத்தை டிவிக்கு முன்னால் ஏகாம்பரம் சொல்லிவிடுவார். கூண்டில் நிற்கிறவளின் வசனம் தேவகிக்கு. அதைச் சொல்லி முடித்தால்தான் அவர் குழிக்குள் இருக்கிற மிதியை மிதித்துத் தறியை மறுபடி ஓட்டுவார்.

கட்டிலைத் திருப்பினோம்

மாவு மில்லில் பேசிய அந்த வாரமே பட்டியலில் படகுப் படம் இருந்தது. வியாழக்கிழமை பிற்பகல். பத்தியில் முதல் படமாகப் போட்டேன்.

அவர்கள் மகள் பவித்ரா ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அன்று லீவு போட்டாள். எதிர்வீட்டு ரத்தினம், அவரும் நெசவுதான், வந்து கட்டிலைத் தூக்கித் திருப்பினார். ஏகாம்பரத்தின் தலைக்கு இரண்டு தலையணை வைத்து, டிவி நேராகத் தெரியும்படி உட்காரவைத்தோம். பவித்ரா அப்பாவின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

"ராஜா மாதிரி உக்காந்துக்கினு பாரு மாமா" என்றார் ரத்தினம். "எனக்கும் ஒரு நாளைக்கு இந்த மாதிரி யாராவது கட்டிலைப் போடுங்கப்பா."

படம் தொடங்கியது. ஏகாம்பரம் கவனமாகத்தான் பார்த்தார். தெரியாத வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நீதிமன்றம் வந்தது. தேவகி அவர் காதருகே குனிந்தாள். வக்கீல் கேட்டார். ஏகாம்பரம் வாய் திறக்கவில்லை.

கூண்டில் நின்ற நடிகை முகத்தைத் திருப்பினார். அந்தக் கால நடிகைகளில் அழகானவர், பெரிய கண்கள். ஏகாம்பரம் இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டினார். யார் இது என்று கேட்கிற விரல்.

"அதான்பா, படகுக்காரன் பொண்டாட்டி" என்றாள் பவித்ரா.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"அந்தம்மாதான்பா. சத்தமா வசனம் பேசுவாங்களே."

மறுபடி தலையை ஆட்டினார். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பவித்ரா டிவியை அணைத்தாள். "இதுக்கு முன்னாடி ஃபோன்ல போட்டுக் காட்டினேன்க்கா. அப்பவும் இப்படித்தான் தள்ளிவிட்டாரு. அவருக்கு ஞாபகமே போயிடுச்சு. நீங்களும் அம்மாவும் சும்மா ஆசைய வளக்கறீங்க."

அவள் குரலில் கோபம் இருந்தது. கோபம் நியாயமானதுதான்.

அந்த அம்மா வேறு

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தேவகி பின்னாலேயே வந்தாள். அழவில்லை. புருவத்தைச் சுருக்கி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரு அந்த மூஞ்சியைப் பாத்ததே இல்லக்கா."

"எந்த மூஞ்சி?"

"படகுக்காரன் பொண்டாட்டி மூஞ்சி. நானும் இன்னிக்குத்தான் பாக்கறேன். இத்தினி வருசமா அந்தப் படத்தைக் கேட்டுக்கினு இருக்கோம். நான் அந்தம்மாவைக் கறுப்பா, ஒல்லியா, எங்க பெரியம்மா மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். இவங்க பாத்தா ஜமீன்தார் வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்காங்க. அவரு தலைய ஆட்டினது சரிதானேக்கா?"

வாசலில் நின்றபடி நான் அதை மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஒரு மனிதர் முப்பது வருஷமாக ஒரு படத்தை அறிந்திருக்கிறார். அதில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. ஆறு, படகு, நீதிபதி, கூண்டு, அந்தப் பெண் எல்லாவற்றையும் அவரே படைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டில் ரத்தினம் வேறொன்று படைத்திருப்பார். அந்தத் தெருவில் எத்தனை தறியோ அத்தனை படகுப் படங்கள். அவற்றில் ஒன்றையும் அதை எடுத்தவர்கள் பார்த்ததில்லை.

நாங்கள் கட்டிலைத் திருப்பி அவருக்குக் காட்டியது அவர் கேள்விப்படாத வேறு யாரோ எடுத்த படம்.

"அவரைத் தறில உக்காரவைக்கணும்க்கா" என்றாள் தேவகி. "டிவி பின்னாடிதான் இருக்கணும். நான் அவருக்கு வலப்பக்கம் உக்காரணும்."

"ஃபோனில் போட்டுப் பின்னால் வைத்தால் போதாதா? இன்றைக்கே செய்யலாமே."

"ஃபோன்ல ஒரு வூட்டுக்குத்தான் கேக்கும். அது தெரு பூராவும் கேக்கற படம்க்கா. எதிர்வூட்ல ரெண்டாவது வாட்டி வரணும். தறிங்க நிக்கணும். அப்பதான் அவருக்கு அது படம்."

மூன்றாவது விதி

இரண்டு வாரம் பட்டியலில் படகுப் படம் இல்லை. மூன்றாவது வாரம் வேறொரு சேனலில் இருந்தது. ஞாயிறு பிற்பகல். அதே நேரத்தில் மற்றொரு பெரிய சேனலில் புதுப்படம் ஒன்று. தொலைக்காட்சியில் முதல் முறை. வாரம் முழுவதும் அதற்கு விளம்பரம்.

பக்கத்தைப் பார்க்கிற உதவி ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், இந்த கறுப்பு வெள்ளைப் படத்தை இப்பதானே போட்டோம்?"

"ஆமாம்."

"ஒரு வருஷத்துக்குள்ள போடக்கூடாதுன்னு நீங்கதான் என்னை வறுத்தெடுப்பீங்க."

"ஆமாம். இதைப் போடுங்கள். முதலில் போடுங்கள்."

"புதுப்படம்?"

"கடைசியில்."

நான் எழுதியனுப்பிய வரிகள் இவை: 'ஆற்றங்கரை வழக்கு ஒன்றின் கதை. வசனத்துக்காகவே கேட்கலாம். கையில் வேலை இருப்பவர்கள் வேலையைச் செய்துகொண்டே கேட்கலாம். சாட்சிக் கூண்டுக் காட்சியில் மட்டும் சற்று நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல முடிவு.' ஏகாம்பரத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. எழுதவும் முடியாது.

சனிக்கிழமை ரத்தினத்தைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"எங்க வூட்ல புள்ளைங்க புதுப்படத்துக்கு நாளு எண்ணிக்கினு இருக்குதுங்கம்மா. நீங்க என்னாடான்னா மறுபடியும் படகைக் கொண்டாந்து கட்டிட்டீங்க" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வலப்பக்கம் தேவகி

நெசவாளர்களுக்கு விடுமுறை அமாவாசைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தெருவில் தறிகள் ஓடும். நான் போனபோது ஏகாம்பரத்தைத் தறிக் குழியின் விளிம்பில் உட்காரவைத்திருந்தார்கள். சாய்ந்துவிடாமலிருக்க அவர் இடுப்பைச் சுற்றிப் பழைய சேலை ஒன்றைக் கட்டி, சுவரிலிருந்த வளையத்தில் முடிந்திருந்தார்கள். பவித்ராவுக்கு அதில் சம்மதமில்லை.

"விழுந்தா யாரு தூக்குவாங்கம்மா?"

"நான் என்னா செத்தா பூட்டேன்? கம்முனு நில்லு."

தறியில் அவர் விட்டுப்போன அதே சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. நோய் வந்த நாளில் நின்ற இடத்துக்கு மேல் தேவகி தனியாகக் கொஞ்சம் நெய்திருந்தாள். ஏகாம்பரத்தின் வலது கை மடியில் கிடந்தது. இடது கால் மிதியைத் தொட்டது. சற்று நேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு அழுத்தியது. பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி திறந்தது. தேவகி அவருடைய நாடாவையும் தன் நாடாவையும் தானே எறிந்தாள். அவர் இடது கையால், நூலை நெருக்குகிற பலகையை இழுத்து அடித்தார்.

முதல் அடி பலவீனமாக விழுந்தது. அடுத்தது கொஞ்சம் நேராக. நான்கைந்து அடிக்குப் பிறகு கால் தன் பாட்டுக்கு வேலை செய்தது. அவர் முகம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவித்ரா பின்னால் கையை எட்டி டிவியைப் போட்டாள்.

நான் வாசல்படியில் நின்று தெருவைக் கேட்டேன். ஆரம்பத்தில் எங்கிருந்தோ புதுப்படத்தின் பாட்டு. பக்கத்து வீட்டில் படகுப் படத்தின் ஆற்றுச் சத்தம். கீழ்க்கோடியில் இன்னொரு ஆற்றுச் சத்தம். எதிர்வீட்டில் பிள்ளைகள் கத்துவதும் ரத்தினம் அதட்டுவதும் கேட்டன. பிறகு அங்கிருந்தும் ஆறு வந்தது, ஒரு மூச்சு தள்ளி. மெல்ல மெல்லத் தெருவெங்கும் ஒரே வெள்ளம். என் பத்தியைப் படித்துத்தானா, தேவகி யாரிடமாவது சொல்லியிருந்தாளா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. எதையும் விசாரிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அபூர்வம்.

படம் நீதிமன்றத்துக்கு வந்தது. வக்கீலின் காலடிச் சத்தம், பலகைமேல் நடக்கிற ஓசை. ஏகாம்பரத்தின் கால் மெதுவாகியது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. பவித்ரா கையால் தன் வாயை மூடிக்கொண்டாள்.

"கட்டி… யிருந்த…"

டிவியிலிருந்து குரல் இன்னும் வரவில்லை. அவர் முந்திக்கொண்டிருந்தார், எப்போதும் போல.

"…படகை… அவுத்தது… யாரு?"

கரகரத்த, தண்ணீர் படாத குரல். ஆனால் வக்கீலின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் வக்கீலே கேட்டார். அதற்கும் பின்னால் எதிர்வீட்டு வக்கீல் கேட்டார். தறிகள் நின்றன. இந்த வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெருவில் ஒரு சைக்கிள் போகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

தேவகி பேசவில்லை. நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

டிவியில் அந்த நடிகை தன் வசனத்தைச் சொன்னார். எதிர்வீட்டிலும் சொன்னார். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. காட்சி முடிந்து விளம்பரம் வந்தது. ஏதோ சோப்புத் தூள்.

ஏகாம்பரம் மிதியை மிதிக்கவில்லை. அந்த நடிகை சொன்னது அவருக்குக் கணக்கில் இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு கழுத்தை வலப்பக்கமாகத் திருப்பினார். அந்தப் பக்கம் திரும்புவது அவருக்குக் கஷ்டம். வாய் ஒருமுறை திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

"உன்னுது" என்றார்.

படகுப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பவித்ரா என்னைப் பார்த்தாள். அவள் கை ஃபோனைத் தேடிக்கொண்டிருந்தது.

"உன்னுது" என்றார் மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் கோபம் இருந்தது.

"இருப்பா" என்றாள் தேவகி. "மூக்கு ஒழுகுது. இரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். சோப்புத் தூள் விளம்பரத்தின் நடுவில், கூண்டில் நிற்கிறவளாக நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் அவிழ்த்தேன். அவிழ்த்த கையைப் பாருங்கள். கட்டிய கையை விட்டுவிடுங்கள்."

அவர் முகத்தைப் பாவுப் பக்கம் திருப்பினார். மிதியை மிதித்தார்.